ஆட்டம் முடிந்ததும் இன்ஜினைத் திறக்கலாமா?

எட்டாம்வரிசை:
லிச்செஸ் என்ற இணைய செஸ் தளத்தில் என் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1400-ஐச் சுற்றியே நிற்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இன்ஜினை, அதாவது நகர்வுகளை அலசும் செஸ் நிரலைத் திறந்து, தப்பு என்று காட்டிய இடங்களை எல்லாம் பார்த்துவிடுகிறேன். மூன்று மாதமாக இப்படித்தான். அதே தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நேற்று யானை முடிவாட்டம் (ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம்), எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. அவ்வளவுதான் என்று ரிசைன் பண்ணிவிட்டேன். ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் அந்த இடத்தில் 0.00, அதாவது இரண்டு பக்கமும் சமம், என்கிறது. டிரா! ஏன் டிரா என்று இன்னும் புரியவில்லை. இன்ஜின் பார்ப்பதே வீணா?

பழையகடிகாரம்:
வீண் இல்லை. ஆனால் நேரம் தப்பு. ஆட்டம் முடிந்த சூட்டில், எங்கே பயந்தோம், எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதெல்லாம் மனதில் இருக்கும். அதை முதலில் எழுதுங்கள். இன்ஜினைத் திறந்துவிட்டால் அதன் பதில்தான் நினைவில் நிற்கும். குகேஷைப் பாருங்கள். ரேட்டிங் 2500 அருகே வரும்வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை. 2019 ஜனவரியில், 12 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார்.

கருங்குதிரை:
இந்த உதாரணம் எனக்கு ஒப்பவில்லை சார். குகேஷுக்குப் பக்கத்திலேயே ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்தார். எங்கள் ஊரில் செஸ் சொல்லித்தர ஒருத்தர்கூடக் கிடையாது. காசில்லாமல் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ்தான் எனக்கு வாத்தியார். நானும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். 31-ஆவது நகர்வில் கோட்டைவிட்டேன் என்று ஒரு பக்கம் எழுதினேன். இன்ஜின் 14-ஆவது நகர்வைக் காட்டியது. ஒரே குதிரைக்கு ராணியும் யானையும் மாட்டும் இடம். நானும் பார்க்கவில்லை, எதிராளியும் பார்க்கவில்லை. இரண்டு பேருமே பார்க்காததை நோட்டு எப்படிச் சொல்லும்?

பழையகடிகாரம்:
அது நியாயம்தான், அந்த மாதிரி அடியைக் கண்டுபிடிக்க இன்ஜினை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தம்பியின் 0.00-ஐப் பாருங்கள். உங்கள் ராஜா சிப்பாய்க்கு எதிரே வழிமறித்து நின்றதா தம்பி? அப்படியானால் அது ஃபிலிடோர் நிலை, பேர்போன ஒரு டிரா. உங்கள் பக்கமிருந்து மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்துங்கள், எதிராளியின் ராஜா உள்ளே வர முடியாது. வேறு வழியில்லாமல் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவார். தள்ளியதும் யானையைப் பலகையின் எதிர்க்கோடிக்கு ஓட்டி, பின்னாலிருந்து செக் மேல் செக். ராஜா ஒளிய வேண்டிய கட்டத்தில் இப்போது சிப்பாயே நிற்கும். இதில் ஒரு வரியாவது 0.00-இல் தெரிகிறதா?

கருங்குதிரை:
கேட்கத் தெரிந்தால் தெரியும். அந்த நிலையைப் போட்டு யானையை வேறு வேறு வரிசைக்கு நகர்த்திப் பாருங்கள். சிலவற்றில் 0.00 அப்படியே நிற்கும், சிலவற்றில் எண் தாவும். எப்படித் தோற்கிறோம் என்று அதுவே ஆடிக் காட்டும். நான் இதை அப்படித்தான் கற்றேன். ஃபிலிடோர் என்ற பேரே பிற்பாடுதான் தெரிந்தது.

பழையகடிகாரம்:
அப்படி நோண்டிப் பார்ப்பது வேறு, தப்புகளைத் தட்டிக்கொண்டே போவது வேறு. தம்பி செய்தது இரண்டாவது. 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? அப்போதைய சாம்பியன் டிங் லிரன் 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்ததும், பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, யார் கை ஓங்குகிறது என்று இன்ஜின் சொல்லும் மதிப்பீட்டுப் பட்டை சரிந்து காட்டியது. குகேஷ் எதிரே பட்டை ஏது? யானைகளை வெட்டிவிட்டு டி5-இல் பிஷப்பை வைத்தால், ஏ8 மூலையில் இருக்கும் வெள்ளை பிஷப்புக்குத் தப்ப இடமில்லை, அதுவும் வெட்டுப்படும், மிச்சம் சிப்பாய் முடிவாட்டம், தனக்கு ஒரு சிப்பாய் அதிகம். இத்தனையும் அவரே பார்த்தார். அந்தக் கண்ணை முதலில் வளர்க்க வேண்டும் என்கிறேன்.

கருங்குதிரை:
இன்றைக்கு உலகப் பட்டத்துக்கு ஆடும் எவரும் இன்ஜின் இல்லாமல் தயாராவதில்லை சார். கண்ணும் வேண்டும், வாத்தியாரும் வேண்டும். வாத்தியார் இல்லாதவனிடம் இன்ஜினைத் தள்ளிவை என்று சொல்லாதீர்கள்.

பழையகடிகாரம்:
தள்ளிவை என்று சொல்லவில்லை, அரை மணி நேரம் பொறு என்கிறேன்.

எட்டாம்வரிசை:
நிலையைப் போட்டுப் பார்த்தேன். ராஜா சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது. யானை முதல் வரிசையில். மூன்றாவதுக்கு ஏற்ற ஒரே நகர்வு போதும், என் முறையும்கூட! இப்போது அதே நிலையில் இன்ஜினுக்கு எதிராக ஆடிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை தோற்றேன். சிப்பாய் ஏறும் முன்பே அவசரப்பட்டு யானையை எதிர்க்கோடிக்கு ஓட்டிவிட்டேன். இரண்டாவது தடவை டிரா.