மகன் ஓட்டும் செஸ்னாவில் ஆஷ்காஷ் திருவிழாவுக்குப் போகலாமா?

சங்ககிரி லாரிக்காரர்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்கு வயது 63. முப்பது வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவன், கௌஹாத்தி வரைக்கும் லோடு கொண்டு போயிருக்கிறேன். மகன் அமெரிக்காவில் டல்லாஸில் வேலை பார்க்கிறான். விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. நாலு பேர் சேர்ந்து வாங்கிய செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரில் ஜூலைக் கடைசியில் விமானத் திருவிழா நடக்குமாம். "அதிலேயே போயிட்டு வரலாம், வாங்கப்பா" என்கிறான். அவன் அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. எனக்கு ஆசை இருக்கிறது. ஆனால் ஒற்றை இன்ஜின் வண்டி, அந்த வாரம் பத்தாயிரம் விமானம் வந்து இறங்கும் என்று வேறு சொல்கிறான். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. போனவர்கள் இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். வழியில் எங்கே நிறுத்துவார்கள், எவ்வளவு பாரம் ஏற்றலாம், பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

காங்கேயத்துக்காரன்:

ஐயா, வணக்கம். கான்சாஸில் பதினொரு வருடம் இருந்தேன். அங்கிருந்து மூன்று தடவை 172-இல்தான் ஆஷ்காஷ் போய் வந்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தாராளமாகப் போங்கள்.

டல்லாஸிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,400 கிலோமீட்டர். செஸ்னா விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் போகும், அதற்கு 32 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேலே வருகிறது, கணக்கு உங்களுக்கே புரியும். உள்ளே கழிப்பறை கிடையாது. அதனால் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்ன ஊர் விமான நிலையத்தில் இறங்கிவிடுவார்கள். பங்கில் கார்டைத் தேய்த்து நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். பல இடங்களில் ஒரு பழைய காரின் சாவியையும் கொடுப்பார்கள், ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, காரில் பெட்ரோல் போட்டு வைத்துவிட்டு வர வேண்டும்.

பாரம்: நாலு சீட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். டேங்க் நிறைத்தால் பெரியவர்கள் நாலு பேர் ஏறுவது கஷ்டம். நீங்கள் இரண்டு பேர், கூடாரம், துணி என்றால் கவலை இல்லை. பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு மட்டும் தனியாக 54 கிலோ வரம்பு உண்டு. ஏறுவதற்கு முன் மகன் இறக்கைக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குவளையைக் குத்திப் பெட்ரோல் பிடிப்பான், பக்கத்தில் நின்று பாருங்கள். இளநீல நிறத்தில் இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துப் போல உருண்டு நிற்கும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்த உங்களுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

பத்தாயிரம் விமானம் என்பது நிஜம்தான், ஆனால் அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. ரிப்பன் என்ற ஊருக்கு மேல் எல்லோரும் ஒற்றை வரிசையில் சேர்ந்து, கீழே தெரியும் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஃபிஸ்க் என்ற ஊர் வரை போக வேண்டும். உயரம் 1,800 அடி, வேகம் 90 நாட் (மணிக்கு சுமார் 167 கிலோமீட்டர்), முன்னால் போகிறவருக்கும் நமக்கும் அரை மைல். ஃபிஸ்க்கில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் தரையில் இருந்தபடியே ரேடியோவில் நம் விமானத்தின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வாய் திறந்து பதில் சொல்லக் கூடாது, இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட வேண்டும், அதுதான் பதில். ஓடுதளத்தில் நிற நிறமாய்ப் பெரிய வட்டங்கள் வரைந்திருக்கும். எந்த வட்டத்தைச் சொல்கிறார்களோ அதில் இறங்க வேண்டும். ஒரே ஓடுதளத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் இறங்குவது அதனால்தான் முடிகிறது. அந்தப் பத்து நிமிடமும் மகனிடம் பேசாதீர்கள். லாரியில் கிளீனர் இடது பக்கம் பார்த்துச் சொல்கிற மாதிரி, வலது பக்கம் விமானம் தெரிந்தால் மட்டும் கையைக் காட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஒன்று முக்கியம் ஐயா. இரண்டாவது தடவை என் மாமா கூட வந்தார். மிசௌரியில் மேகம் இறங்கிவிட்டது. "விசேஷம் தவறிப்போகும் மாப்ள, தாழ்வாகவே போயிடலாம்" என்றார். எனக்கும் அவர் ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை, கிளப்பிவிட்டேன். இருபது நிமிடத்தில் ஒரு உயரமான டவரின் சிவப்பு விளக்கு என் இறக்கைக்கு நேராக மின்னியது. திருப்பிக்கொண்டு வந்து இறங்கிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. இரண்டு ராத்திரி அந்த ஊரிலேயே கிடந்தோம். தப்பு என்னுடையது, ஓட்டுகிறவன் நான்தான். ஆனாலும் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை தட்டுவது சிரமம். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மகனிடம் சொல்லிவிடுங்கள்: "போக முடியாவிட்டாலும் பரவாயில்லை சாமி, எனக்கு அவசரமில்லை." ஊர் திரும்பும் டிக்கெட்டும் ஒரு வாரம் தள்ளியே எடுங்கள். ஜூலையில் அந்தப் பக்கம் இடி மழை சகஜம். 2010-இல் மைதானமே சேறாகி, வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஈரோட்டுக்காரி:

அண்ணா, நான் கணவரோடு ஒரு தடவை போனேன். இறக்கைக்கு அடியில்தான் கூடாரம். நம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்களே, அப்படித்தான் அங்கே விமானம் பக்கத்தில். விடியும்போது கூடாரம் பனியில் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். மதியம் வெயில் ஏறினால் விமானம் தூக்கிப் போடும், வயிறு புரட்டும். காலையிலேயே பறக்கச் சொல்லுங்கள், கண்ணை அடிவானத்தில் வையுங்கள். பருப்புப் பொடியும் முறுக்கும் எடுத்துப் போங்கள். அண்ணிக்கு ஒவ்வொரு தடவை இறங்கியதும் போன் போட்டுவிடுங்கள்.

சங்ககிரி லாரிக்காரர்:

ரொம்ப நன்றிங்க. காங்கேயத்துத் தம்பி சொன்னதை வீட்டில் இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்தச் சிவப்பு விளக்கு இடத்தில் அழுதுவிட்டாள். அப்புறம் அவளே மகனுக்குப் போன் போட்டு, "உங்கப்பா அவசரப்படுத்தினாலும் கேட்காதே" என்றாள். சரி, அது அவள் சம்மதம். லோடுக்கு அவசரப்படுத்திய ஆட்களால் நானும் தூக்கமில்லாமல் ஓட்டியிருக்கிறேன், அதனால் உங்கள் பேச்சு எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஒரே ஒரு கேள்வி. நிறுத்திய விமானத்தைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும் என்கிறான். இங்கிருந்து எடுத்து வரட்டுமா? தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிற முடிச்சு ஆகுமா?

காங்கேயத்துக்காரன்:

கயிறும் ஆப்பும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் ஐயா. இரண்டு இறக்கைக்கு அடியிலும் வாலிலும் ஒவ்வொரு வளையம் இருக்கும், மூன்று இடம் கட்ட வேண்டும். காற்று அடிக்கும்போது நெகிழாத முடிச்சு எதுவோ அது போதும். அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.