தம்பூன் பாறையில் இருப்பது சூரியக் கடவுளா?

[சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்கள் குழு]

கலா: அனைவருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஈப்போ அருகே உள்ள தம்பூன் குகை ஓவியங்களைக் காட்ட அழைத்துப் போகிறோம். எனக்கு வந்த ஒரு படத்தில், அங்குள்ள சிவப்பு வடிவம் ஒன்றுக்கு அம்புக்குறி போட்டு, அது சூரியக் கடவுள் என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாமா, ஐயா?

சிவலிங்கம் ஐயா: வேண்டாம் அம்மா. 1959இல் கூர்க்கா படையைச் சேர்ந்த ராலிங்ஸ் என்ற அதிகாரி கண்டு சொன்ன ஓவியங்கள் அவை. இரும்புச் சத்துள்ள சிவப்புக் கல்லை அரைத்துத் தீட்டிய அந்த வடிவங்கள் 600க்கும் மேல் இருக்கின்றன. மானையும் மனிதனையும் நாம் அடையாளம் காணலாம். ஆனால் மனிதன் என்று காண்பது வேறு, அவன் யார், ஏன் அங்கே நிற்கிறான் என்று சொல்வது வேறு. பால்மரமான ரப்பர் மரத்தின் பட்டையில் மாதக் கணக்குக்காக இட்ட குறியைத் தோட்டத்தையே அறியாத ஒருவர் பார்த்தால், அது குறி என்பது புரியும், கணக்கு புரியாது.

முருகன்: ஆனால் சரவாக்கில் நியா குகைச் சுவரில் உள்ள படகுகள், இறந்தவர்களை மறுவுலகுக்கு ஏற்றிச் செல்பவை என்று உறுதியாகச் சொல்கிறார்களே, ஐயா?

சிவலிங்கம் ஐயா: நல்ல கேள்வி, தம்பி. 1958இல் அந்தச் சிவப்பு ஓவியங்கள் வெளியுலகுக்குத் தெரிந்தபோது, அவற்றுக்கு எதிரே தரையில் படகு வடிவ மரச் சவப்பெட்டிகளும் கிடந்தன. சுவரில் படகு, தரையில் படகுக்குள் பிணம் என்று இரண்டும் ஓரிடத்தில் இருப்பதால்தான் அந்த விளக்கத்துக்கு வலு வருகிறது. படகின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

சரோஜா அக்கா: வேட்டையில் விலங்கு நிறையக் கிடைக்க வேண்டும் என்று மந்திரமாக வரைந்தார்கள் என்றுதானே நாங்கள் பள்ளியில் படித்தோம்?

சிவலிங்கம் ஐயா: பிரான்சு நாட்டுப் பாதிரியார் புரோய் அந்தக் கருத்தைப் பெரிதும் பரப்பினார். ஆனால் அதே நாட்டில் 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகையில், அங்கே வந்தவர்கள் தின்று போட்ட எலும்புகளில் பெரும்பாலானவை துருவமானுடையவை; சுவரிலோ குதிரையும் காட்டெருதும் நிறைந்திருக்க, துருவமானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உண்டதை வரையவில்லை என்றால், வேட்டை மந்திரம் என்ற ஒரே சாவி அந்தப் பூட்டுக்குப் பொருந்தவில்லை.

முருகன்: அப்படியானால் வடிவத்தைப் பார்த்து எதையுமே அறிய முடியாதா?

சிவலிங்கம் ஐயா: நிறைய அறியலாம். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் உள்ள சுண்ணாம்புக் குகைகளில் கையைச் சுவரில் வைத்து, சுற்றிலும் சாயத்தை ஊதி எடுத்த கைத்தடங்கள் உள்ளன. சிலவற்றில், கையை எடுத்த பிறகு விரல் நுனிகளை வேண்டுமென்றே கூராக்கியிருக்கிறார்கள். வைத்த கை, ஊதிய சாயம், பிறகு செய்த திருத்தம் என்று வேலையின் வரிசையே சுவரில் நிற்கிறது. கூராக்கியதன் காரணத்தைத்தான் அந்தச் சுவர் சொல்லவில்லை. அதே தீவில் ஒரு காட்டுப்பன்றியும் மூன்று மனித உருவங்களும் சேர்ந்த ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 ஆண்டு வயது என்று 2024இல் அறிவித்தார்கள். அது ஒரு கதைக்காட்சி என்பது ஆய்வாளர்களின் கருத்து. எந்தக் கதை என்று அவர்களும் சொல்லத் துணியவில்லை.

கலா: புரிகிறது, ஐயா. பெயர் எதுவும் சொல்லாமல், பார்த்ததை முதலில் வரையச் சொல்கிறேன்.

சிவலிங்கம் ஐயா: ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு போகும் இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள், எது முந்தியது என்று அங்கேதான் தெரியும். ஓவியங்கள் உயரத்தில் இருப்பதால் தொலைநோக்கி கொண்டு போங்கள், கை எட்டுபவற்றைத் தொட விடாதீர்கள்.