டெக்சாஸ் பேஸ்பால்: எந்த அணிக்கு மனசைக் கொடுப்பது?

பிளேனோ புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். டல்லஸுக்கு வடக்கே பிளேனோவில் குடியேறி எட்டு மாதம் ஆகிறது. ஊரில் இருந்தவரை கிரிக்கெட் தவிர வேறு எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஏழு வயசுப் பையன் பள்ளியில் கேட்டதை வைத்துக்கொண்டு தினமும் பேஸ்பாலுக்குக் கூட்டிப்போ என்று நச்சரிக்கிறான். டெக்சாஸில் என்னென்ன அணிகள் இருக்கின்றன? எதை முதலில் பார்க்கலாம்? எதை நம்ம அணி என்று வைத்துக்கொள்ளலாம்? இங்கே நாங்கள் போன ஒரே மைதானம் கிராண்ட் ப்ரேரி, அதுவும் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் ஆட்டத்துக்காக.

ரவுண்ட் ராக் வாசி:
சகோ, முதல் ஆட்டத்துக்கு அர்லிங்டன் போக வேண்டாம். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஃப்ரிஸ்கோ இருக்கிறது, அங்கே போங்கள்.

நாட்டின் உச்சப் படியான மேஜர் லீக் அணிகள் இங்கே இரண்டு: ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோஸ், அர்லிங்டனில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். பெரிய அணிகளுக்கு ஆள் தயார் செய்யும் மைனர் லீக் அணிகள் எட்டு. மேல்படியான ட்ரிபிள்-ஏ-வில் ரவுண்ட் ராக் எக்ஸ்பிரஸ், சுகர் லேண்ட் ஸ்பேஸ் கவ்பாய்ஸ், எல் பாசோ சிவாவாஸ். ஒரு படி கீழே டபுள்-ஏ-வில் ஃப்ரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ், கார்பஸ் கிறிஸ்டி ஹூக்ஸ், சான் அன்டோனியோ மிஷன்ஸ், மிட்லண்ட் ராக்ஹவுண்ட்ஸ், அமரில்லோ சாட் பூடில்ஸ். இந்த எட்டும் டெக்சாஸ் அணிகளுக்கே ஆள் அனுப்புகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். ரவுண்ட் ராக்கும் ஃப்ரிஸ்கோவும் ரேஞ்சர்ஸுக்கு, சுகர் லேண்டும் கார்பஸ் கிறிஸ்டியும் ஆஸ்ட்ரோஸுக்கு. எல் பாசோவும் சான் அன்டோனியோவும் கலிபோர்னியாவின் சான் டியேகோ பாட்ரேஸுக்குப் பிள்ளைகள்.

ஃப்ரிஸ்கோவில் அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் நீரோடை மாதிரி ஒரு குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள், டியூபில் மிதந்துகொண்டே ஆட்டம் பார்க்கலாம். எங்கள் ரவுண்ட் ராக்கில் புல்மேட்டில் போர்வை விரித்து உட்காருவோம். பந்து வீசும் பிட்சர் பயிற்சி எடுக்கும்போது பந்து, அதைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் விழும் சத்தம் பத்தடியில் கேட்கும். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டால் போதும், மணிக்கு 95 மைல் என்றால் என்ன என்று பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. 2023 கோடையில் ஃப்ரிஸ்கோவில் ஆடிக்கொண்டிருந்த ஈவன் கார்ட்டர் என்ற 21 வயசுப் பையன், அதே அக்டோபரில் மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில் ரேஞ்சர்ஸுக்கு ஆடினான். கோடையில் அவனைப் பார்த்தவர்களுக்கு அந்த உலகத் தொடர் தனி ருசி.

அர்லிங்டன் ரசிகன்:
நண்பரே, கார்ட்டர் கதை நீங்கள் சொல்வதற்கு நேர் எதிரானது. ஃப்ரிஸ்கோவில் நன்றாக ஆடினான், அதனாலேயே ஃப்ரிஸ்கோவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். மைனர் லீகில் ஜெயிப்பது முதல் வேலை இல்லை. உங்கள் அணி பட்டத்துக்குப் போட்டியிடும் வாரத்திலேயே சிறந்த பிட்சரை மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள், நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. அப்படிப்பட்ட அணிக்கு ஒரு பிள்ளையை மனசைக் கொடுக்கச் சொல்கிறீர்களே.

நான் 2011 பார்த்தவன். உலகத் தொடர் ஆறாவது ஆட்டம், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் (பேட்டர் தவறவிடும் பந்து, மூன்றானால் அவுட்), கோப்பை நமக்கு. பந்து நம் ஃபீல்டர் நெல்சன் குரூஸ் தலைக்கு மேலே போனது. பத்தாவது இன்னிங்ஸில் மறுபடியும் ஒரே ஸ்ட்ரைக் மிச்சம், மறுபடியும் போனது. பன்னிரண்டு வருஷம் அதைச் சுமந்தோம். 2023ல் அரிசோனாவை ஜெயித்தபோது எங்கள் வீட்டில் பெரியவர்கள் அழுதார்கள். அந்தப் பிளேஆஃபில் வெளியூரில் ஆடிய 11 ஆட்டங்களையும் ரேஞ்சர்ஸ் ஜெயித்தது. முதல் ஆட்டம் அர்லிங்டன்தான். மேற்கூரை மூடும் அரங்கம், ஜூலை வெயிலில் ஏழு வயசுப் பிள்ளைக்கு அது முக்கியம்.

ஹூஸ்டன்காரி:
கூரை பற்றிப் பேசினால் ஹூஸ்டனை விட்டுவிட்டுப் பேச முடியுமா? 1965ல் ஆஸ்ட்ரோடோம் திறந்தபோது மேலே கூரை போட்டு உள்ளே பேஸ்பால் ஆடுவது உலகத்துக்கே புதிது. கூரையின் ஒளி ஊடுருவும் பலகைகள் வழியாக வெயில் வந்து, மேலே போன பந்து ஃபீல்டர் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்தது. அடுத்த வருஷம் செயற்கைப் புல் போட்டார்கள், அதற்கு இன்றுவரை ஆஸ்ட்ரோடர்ஃப் என்றுதான் பெயர். ரேஞ்சர்ஸ் 1972ல் வாஷிங்டனிலிருந்து பெயர்ந்து வந்த அணி தம்பி. நாங்கள் 1962லிருந்து இங்கேயே இருக்கிறோம். கோப்பையும் இரண்டு, 2017, 2022.

அர்லிங்டன் ரசிகன்:
அக்கா, 2017 கோப்பையை எப்படிக் கணக்கில் சேர்க்கிறீர்கள்? புதியவருக்காகச் சொல்கிறேன்: எதிரணி கேட்சர் விரலால் காட்டும் சைகையை சென்டர் ஃபீல்டு கேமராவில் பார்த்து, அடுத்து என்ன பந்து வரும் என்று குப்பைத்தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்னார்கள். 2020 ஜனவரியில் மேஜர் லீக் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது. 50 லட்சம் டாலர் அபராதம், மேனேஜருக்கும் ஜெனரல் மேனேஜருக்கும் ஒரு வருஷத் தடை. பையனுக்கு முதல் அணியாக இதையா அறிமுகம் செய்வது?

ஹூஸ்டன்காரி:
அது தப்பு. மறைக்க மாட்டேன், என் பிள்ளைகளிடமும் மறைக்கவில்லை. வீரர்கள் ஒருவருக்கும் தண்டனை இல்லை என்பது எனக்கே இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். சென்னை சூப்பர் கிங்ஸுக்கு இரண்டு வருஷம் தடை வந்ததே, நம்மில் எத்தனை பேர் விட்டுப்போனோம்? 2018ல் திரும்பி வந்து கோப்பை வாங்கியபோது தெருவில் வெடி போட்டவர்கள் நாம். ஊர் அணி தப்பு செய்தால் வெட்கப்படுவோம், திட்டுவோம், ஆனால் பக்கத்து ஊர் அணிக்குத் தாவ மாட்டோம். ஐந்தடி ஆறங்குலம் உயரமுள்ள ஹொசே அல்டூவே 2011ல் கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து நேராக ஹூஸ்டனுக்கு வந்தார், இடையில் ட்ரிபிள்-ஏ கூட இல்லை. அன்றிலிருந்து வேறு சட்டை போட்டதில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர்.

ஆஸ்டின் முன்னாள் மாணவன்:
இரண்டு பக்கமும் பணக்கார முதலாளியின் சொத்துக்காகச் சண்டை போடுகிறீர்கள். ரேஞ்சர்ஸ் வாஷிங்டன் மக்களை விட்டுவிட்டு வந்தது. ஆஸ்ட்ரோஸ் ஐம்பது வருஷம் மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் ஆடிவிட்டு, அணி கைமாறியதும் 2013ல் அமெரிக்கன் லீகுக்கு மாற்றப்பட்டது. ரசிகர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழக அணியை விற்க முடியாது. எங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து லாங்ஹார்ன்ஸ் ஆறு தேசியப் பட்டம் வாங்கிய அணி: 1949, 1950, 1975, 1983, 2002, 2005. 1983ல் கடைசி ஆட்டத்தை முடித்துக்கொடுத்த பிட்சர் ரோஜர் கிளெமன்ஸ். 1974 வரை ஆடிய பழைய கிளார்க் ஃபீல்டில் சென்டர் ஃபீல்டுக்குள்ளேயே சுண்ணாம்புப் பாறை மேடு ஒன்று இருந்தது. பந்து மேலே போனால் ஃபீல்டர் ஆட்டுப்பாதையில் ஏறிப்போய் எடுக்க வேண்டும். வெளியூர் அணிகள் அந்தப் பாறையைப் பார்த்தே நடுங்குமாம். ரைஸ் மாதிரிச் சின்னப் பல்கலைக்கழகம்கூட 2003ல் தேசியப் பட்டம் வாங்கியது. டிசியூ, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகங்கள் இரண்டும் கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ஓமஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்குப் பல முறை போனவை. 2025ல் சான் அன்டோனியோவின் யூடிஎஸ்ஏ பல்கலைக்கழகம் எங்கள் மைதானத்துக்கே வந்து எங்களை வெளியேற்றியது. வலித்தது, ஆனாலும் எழுந்து நின்று கைதட்டினேன்.

பிப்ரவரி நடுவில் கல்லூரி சீசன் தொடங்கும், அதுவரை பொறுங்கள் சகோ. அலுமினிய மட்டையில் பந்து படும் 'டிங்' சத்தத்தைப் பையன் வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஹூஸ்டன்காரி:
என் மகள் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவி, அதனால் இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் அவர்கள் அணி ரன் எடுத்தால் கூட்டம் முழுக்கச் சோப்புக்குமிழி ஊதும், மாலை வெளிச்சத்தில் அது அவ்வளவு அழகு. 2024ல் முதல் தேசியப் பட்டத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் மிச்சம், டென்னசியிடம் தோற்றார்கள். மறுநாளே அவர்கள் கோச் ஜிம் ஷ்லாஸ்நேகல் எந்த ஊருக்குப் போனார்? உங்கள் ஆஸ்டினுக்கு. மகள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. விற்க முடியாது என்கிறீர்கள், வாங்க மட்டும் முடிகிறதே.

அர்லிங்டன் ரசிகன்:
அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டல்லஸிலேயே இருக்கும் எஸ்எம்யூ பல்கலைக்கழகம் 1980ல் தன் பேஸ்பால் அணியையே மூடிவிட்டது.

பிளேனோ நண்பரே, நீங்கள் கிரிக்கெட் பார்த்த கிராண்ட் ப்ரேரி அரங்கம் 2008ல் ஏர்ஹாக்ஸ் என்ற தனி லீக் பேஸ்பால் அணிக்காகக் கட்டியது. 2011ல் அவர்கள் பட்டம்கூட வாங்கினார்கள். இன்று அந்த அணியே இல்லை. மைதானத்தை இடித்து மாற்றிக் கிரிக்கெட் பிட்ச் போட்டார்கள், 2024ல் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் ஜெயித்தது அங்கேதான். நமக்குச் சந்தோஷம், சரி. ஏர்ஹாக்ஸ் தொப்பி போட்டுக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்கு? சின்ன அணியை நம்புவது என்றால் அந்த ஆபத்தும் சேர்ந்தே வரும்.

ரவுண்ட் ராக் வாசி:
ஏர்ஹாக்ஸ் எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத தனி லீக் அணி. நான் சொன்ன எட்டும் அப்படி இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னது மனசைத் தைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் கதையைக் கேளுங்கள். 2000ல் ஆஸ்ட்ரோஸின் கீழ் தொடங்கினோம். 2011ல் ரேஞ்சர்ஸ். 2019ல் திரும்ப ஆஸ்ட்ரோஸ். 2021ல் திரும்ப ரேஞ்சர்ஸ். சட்டைக்குள் இருக்கும் ஆட்கள் மொத்தமாக மாறினார்கள். ஆனால் புல்மேடு அதேதான், நோலன் ரையனின் பட்டப்பெயரிலிருந்து வந்த 'எக்ஸ்பிரஸ்' அதேதான். ரையன் யார்? ஹூஸ்டன் பக்கத்து ஆல்வின் ஊர்க்காரர். ஆஸ்ட்ரோஸுக்கும் ஆடினார், ரேஞ்சர்ஸுக்கும் ஆடினார், மொத்தம் 5,714 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். உங்கள் இருவருக்கும் பொதுவான அவர் பெயரைத் தாங்கி நிற்பது எங்கள் சின்ன அணி.

என் பெண் நான்கு வயசிலிருந்து அங்கே வருகிறாள். எந்த வீரர் எந்த வருஷம் மேலே போனார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பிட்சரைப் பறித்துக்கொள்கிறார்கள் என்று சொன்னீர்கள். அவளைக் கேட்டால், அனுப்பி வைத்தோம் என்பாள்.

அர்லிங்டன் ரசிகன்:
அந்த நோட்டு நல்ல விஷயம், மதிக்கிறேன். ஆனால் அந்த நோட்டில் பெயர் ஏறுவதே அவர் மேஜர் லீகுக்குப் போனால்தானே? கடைசிப் பக்கம் அர்லிங்டனில்தான் இருக்கிறது.

பிளேனோ புதுவரவு:
ஞாயிறு ஃப்ரிஸ்கோ போய் வந்தோம். வீட்டுக்கு அருகில் என்பதுதான் காரணம், வேறு யார் பக்கமும் சாயவில்லை. மாலை ஆட்டம், முதல் பேஸ் பக்கம் நான்காவது வரிசை. முதல் மூன்று இன்னிங்ஸ் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓவர் கணக்கு இல்லாமல் கை உதறியது. நான்காவதில் இருந்து ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஃபீல்டர்கள் ஒரு அடி நகர்ந்து நிற்பதைக் கவனிக்க ஆரம்பித்தேன், அப்புறம் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கி பேஸைச் சுற்றி ஓட விட்டார்கள். இரண்டாவது பேஸில் பையனின் ஒரு செருப்பு கழன்றது. விட்டுவிட்டு ஓடினான். ஹோம் பிளேட்டை இரண்டு காலாலும் மிதித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். ஒரு வீரர் செருப்பை எடுத்து வந்து கொடுத்து, பேரைக் கேட்டார். காரில் வரும்போது ஒரே கேள்வி: "அந்த அண்ணா எப்போ அர்லிங்டன் போவாரு?"

ரவுண்ட் ராக் நண்பரே, உங்கள் பெண் நோட்டில் என்னென்ன எழுதுகிறாள் என்று சொல்லுங்கள், நாளைக்கு ஒன்று வாங்கப் போகிறோம். ஆஸ்டின் நண்பரே, பிப்ரவரிக்கு ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள்.

ரவுண்ட் ராக் வாசி:
தேதி, சட்டை எண், எந்த இடத்தில் ஆடினார், அன்று கண்ணில் பட்ட ஒரே ஒரு விஷயம். அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள், மேலே போகும் தேதிக்கு. திங்கட்கிழமை மைனர் லீகில் ஆட்டம் இருக்காது, செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணிதான். ஒரே வாரத்தில் இரண்டு முறை போனால் அதே பிட்சர் திரும்ப வருவதையும் பார்க்கலாம்.

அர்லிங்டன் ரசிகன்:
அந்த அண்ணாவின் சட்டை எண்ணை இங்கேயும் எழுதுங்கள் நண்பரே. மேலே வந்தால் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் என் செலவு. ரேஞ்சர்ஸ் உட்காருவது முதல் பேஸ் பக்கம், அங்கேயே எடுக்கிறேன்.

ஹூஸ்டன்காரி:
எதிரணி ஆஸ்ட்ரோஸாக இருந்தால் எனக்கும் ஒன்று, மூன்றாம் பேஸ் பக்கம்.