கரப்பான் புண்ணில் மருந்துக்கு மசியாத கிருமி: ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதற்கு எந்தச் சொல்?

> ரெசிஸ்டன்ஸுக்கு ‘எதிர்ப்பு’ நிலைத்துவிட்ட சொல். கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான கையேட்டிலும் அதையே ஆளலாமே?

வணக்கம் ஐயா,

கையேட்டுக்கு அது ஆகாது. ‘நோய் எதிர்ப்பு’ என்றால் உடம்புக்கு உள்ள நல்ல குணம். ‘எதிர்ப்புத்திறன் கூடிவிட்டது’ என்று படிக்கும் தாய், பிள்ளைக்குச் சக்தி கூடியதாக எண்ணுவார். அல்லது பிள்ளையின் உடம்பு மருந்தை ஏற்கவில்லை என்று நினைப்பார். மாறியிருப்பது கிருமி.

ஆய்வுக்கூடத் தட்டில் நடப்பதைப் பாருங்கள். புண்ணிலிருந்து வளர்த்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை முல்லர்-ஹின்டன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தின் மேல் சீராகப் பூசி, செஃபாக்ஸிடின் என்ற ஆன்டிபயாடிக் 30 மைக்ரோகிராம் உள்ள வில்லையை வைத்து, 33–35 டிகிரி செல்சியஸில் 16–18 மணி நேரம் விடுகிறார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து வேலை செய்யும். 21 அல்லது அதற்குக் கீழ் என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலின் வகை மருந்துகள் வேலை செய்யாத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சூடு 35-ஐத் தாண்டினால் சில எம்.ஆர்.எஸ்.ஏ. பிடிபடாமல் போகும். வில்லையை நெருங்கி வளர்ந்து நிற்கும் அந்தக் கிருமி எதையும் எதிர்த்துப் போராடவில்லை. மெக்-ஏ மரபணு தரும் மாற்றுப் புரதத்தோடு மருந்து சரியாகப் பிணைவதில்லை. செல்சுவர் கட்டும் வேலை பாட்டுக்கு நடக்கிறது.

‘காய்ச்சல் மாத்திரைக்குக் கேக்கலை’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதுதான் இது. ஆனால் ‘மருந்துகேளாக் கிருமி’ என்று தொகையாக்கினால் ‘மருந்து வேண்டாத கிருமி’ என்றாகிவிடும். அதனால் என் தேர்வு ‘மருந்துக்கு மசியாமை’. ரிப்போர்ட்டில் ‘மசியும்’, ‘மசியாது’ என்று எழுதலாம். பல மருந்துகளுக்கு என்றால் ‘பன்மருந்து மசியாமை’. எரித்ரோமைசின் (15 மைக்ரோகிராம்) வில்லைக்கு 15–26 மி.மீ. தள்ளி கிளிண்டமைசின் (2 மைக்ரோகிராம்) வில்லையை வைத்தால், சில கிருமிகளில் கிளிண்டமைசின் வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி ‘டி’ எழுத்துப்போல் ஆகும். எரித்ரோமைசின் தூண்டுவதால் கிருமி கிளிண்டமைசினுக்கும் மசியாமல் போவது அது. அதற்குத் ‘தூண்டு மசியாமை’ என்று எழுத முடிகிறது. இப்படிக் கிளைக்காத சொல் கலைச்சொல்லாக நிற்காது.

இதைவிட அவசரம் ‘காலனைசேஷன்’, அதாவது கிருமி தொற்றை உண்டாக்காமல் தோலில் தங்கியிருப்பது. கரப்பான் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரின் புண்ணில் இந்தக் கிருமி இருக்கிறது. பஞ்சுக்குச்சியில் எடுத்து வளர்த்தால் பெரும்பாலும் வளரத்தான் செய்யும். அதைத் ‘தொற்று’ என்று எழுதினால் பெற்றோர் ஆன்டிபயாடிக் கேட்பார்கள், கிடைக்கவும் செய்யும். தேன்நிறப் பொருக்கு, நீர் வடிதல், சீழ்க்கொப்புளம், காய்ச்சல் இவை இருந்தால்தான் தொற்று என்று யோசிக்க வேண்டும். பிரிட்டனில் 113 குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ‘கிரீம்’ (CREAM) என்ற ஆய்வில், கடுமையற்ற தொற்றுக் கரப்பானுக்கு ஃப்ளூக்ளாக்ஸாசிலின் மருந்தோ ஃப்யூசிடிக் அமிலக் களிம்போ கூடுதல் பலன் தரவில்லை. எல்லாருக்கும் ஸ்டீராய்டு களிம்பும் ஈரக்களிம்பும் கொடுத்திருந்தார்கள், அழற்சி அடங்கியது அவற்றால்தான் என்பது என் கணிப்பு. மிச்சமான ஆன்டிபயாடிக் டியூபை அடுத்த வெடிப்புக்கும் தடவுவதுதான் மசியாத கிருமியை வளர்த்துவிடும் வழி. ஆகவே காலனைசேஷனுக்குக் ‘குடிகொள்ளல்’ என்று முன்வைக்கிறேன்.

—

டாக்டர், வணக்கம்.

‘மசியாமை’ எனக்கு உடன்பாடு. ‘கீரை மசியலை’ என்ற பொருள் குறுக்கிடும் என்று முதலில் தயங்கினேன். ‘யாருக்கும் மசியமாட்டான்’ என்ற வழக்கு அதைவிட வலுவானது. பாடநூலில் ‘எதிர்ப்பு’ படித்தவர்களுக்காக, முதல் இடத்தில் மட்டும் ‘மருந்துக்கு மசியாமை (மருந்து எதிர்ப்பு)’ என்று அடைப்புக்குறி போடுவோம்.

‘குடிகொள்ளல்’ மட்டும் வேண்டாம். கோயிலில் இறைவன் குடிகொண்டிருப்பதற்கு வழங்கும் சொல் அது. ‘குடியேற்றம்’ என்றால் புதிதாக வந்ததுபோல் ஆகும், இந்தக் கிருமியோ மாதக்கணக்கில் அங்கேயே இருப்பது. ‘குடியிருத்தல்’ போதும். கையேட்டு வரி இப்படி வரலாம்: “உங்கள் குழந்தையின் தோலில் இந்தக் கிருமி குடியிருக்கிறது. இன்னும் தொற்றாகவில்லை. இப்போது ஆன்டிபயாடிக் தேவையில்லை. டாக்டர் சொன்ன களிம்புகளை விடாமல் தடவுங்கள். நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள்.”