பணி அட்டையா, பயிலட்டையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வகுப்பில் புழங்கும் 'டாஸ்க் கார்டு' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> பணி அட்டை என்றே வைத்துக்கொள்ளலாமே. நேரான மொழிபெயர்ப்பு, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. நான் மேலூர்ப் பக்கம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் வேலை அட்டை இருக்கிறது. அம்மாவோ அப்பத்தாவோ நூறு நாள் வேலைக்கு வாங்கி வைத்திருப்பது. 'பணி அட்டை' என்று நான் சொன்னதும் ஒரு பிள்ளை, "எங்கம்மா வச்சிருக்கிறதா சார்?" என்று கேட்டாள்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பேசிவிடுவோம். டாஸ்க் கார்டு என்பது ஒரு அட்டை, அதில் ஒரே ஒரு கணக்கு, மூலையில் ஒரு எண். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் எழுத்தில்லாத பக்கத்தை வெட்டி 24 அட்டைகள் செய்து, வராந்தாச் சுவர் நெடுக ஒட்டுகிறேன். இருவர் இருவராக எந்த அட்டையிலும் தொடங்கலாம். பணித்தாளில் இருபது கணக்கும் ஒன்றாகக் கண்ணில் விழும். முதலாவதிலேயே திணறிய பிள்ளை மிச்சத்தைத் தொடாது. இங்கே திணறினால் அடுத்த அட்டைக்கு நடந்துவிட்டு, தெம்பு வந்ததும் திரும்பி வருகிறது.

ஏழாம் அட்டையைச் சொல்கிறேன். மல்லி முழம் எக்ஸ் ரூபாய், பிச்சி முழம் ஒய் ரூபாய். மூன்று முழம் மல்லியும் இரண்டு முழம் பிச்சியும் என்ன விலை? ஐந்து எக்ஸ்ஒய் என்று எழுதுகிறவர்கள் நிறைய. நோட்டில் அதை அடித்துத் திருத்தினால் அதோடு போயிற்று. சுவர் முன்னால் நிற்கும்போது கூட இருப்பவன் விடுவதில்லை: "மல்லி 20, பிச்சி 15னு வையி. 60ம் 30ம் 90. உன் கணக்குல 1500 வருதுடா!" எக்ஸ் என்பது மல்லி அல்ல, மல்லியின் விலை, அது ஒரு எண் என்பது அப்போதுதான் பிடிபடுகிறது. ஒரே எழுத்துள்ள ஒத்த உறுப்புகளை மட்டுமே சேர்த்துக் கூட்டலாம் என்று நான் கரும்பலகையில் ஒரு வாரம் சொன்னது அந்தச் சண்டையில் விளங்கிவிடுகிறது. இதைப் பார்த்த பிறகுதான் இதற்கு நல்ல பெயர் வேண்டும் என்று தவிக்கிறேன்.

குழுவில் வந்த மற்றச் சொற்கள். 'மின்னட்டை' ப்ளாஷ் கார்டுக்குப் போய்விட்டது. அது காட்டி மறைப்பது, இது நின்று செய்வது. 'ஏவலட்டை' என்று எழுதிய அம்மாவுக்கு: எங்கள் ஊர்ப்பக்கம் ஏவல் என்றால் பில்லி, சூனியம் கூடவே வரும். இலக்கணத்தில் ஏவல் என்பது கட்டளை வினை என்றாலும், பாடநூல் சொல்வது சுருக்குக, காரணிப்படுத்துக என்ற வியங்கோள்தானே. 'கணக்குச் சீட்டு' எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஏலச்சீட்டும் சீட்டாட்டமும் குறுக்கே நிற்கின்றன. 'பயிற்சி அட்டை' நெருங்கி வருகிறது. ஆனால் பாடநூலில் ஒவ்வொரு இயலிலும் 'பயிற்சி' என்றே கணக்குகள் இருக்கின்றன, "பயிற்சி அட்டை எடு" என்றால் "எத்தனாவது பயிற்சி?" என்று புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

என் பரிந்துரை: பயிலட்டை. பயிலகம், பயிலரங்கு வரிசையில் வருவதால் காதுக்குப் புதிதில்லை. வினைத்தொகை, பயின்ற, பயில்கிற, பயிலும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஒற்று மிகுமா என்ற சண்டைக்கும் இடமில்லை. 'டாஸ்க்' என்பது இதில் விட்டுப்போகிறதே என்று கேட்பீர்கள். விடட்டும். கற்பித்து முடித்தபின் கை பழகக் கொடுப்பது இது. பயில்வதுதான் இதன் வேலை. 2007-08இல், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாமே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தபோதே தொடக்கப் பள்ளிகளில் 'அட்டை' வேரூன்றிவிட்டது. எப்படியும் பிள்ளைகள் 'அட்டை' என்றே சுருக்கிக்கொள்வார்கள், அதற்கும் இச்சொல் இடம் கொடுக்கிறது.

திங்கள்கிழமையிலிருந்து வகுப்பில் இதையே புழங்கப் போகிறேன். ஒன்று மட்டும் எனக்கு அமையவில்லை. அட்டை எண்ணுக்கு நேரே விடையைக் குறித்துக்கொண்டு போக ஒரு தாள் கையில் இருக்குமே, அதற்கு என்ன சொல்லலாம்? 'விடைத்தாள்' என்றால் பரீட்சை என்று பயந்துவிடுகிறார்கள்.