ஃபோரோஸ் கோடைமாளிகையும் கொட்டகைத் தொலைபேசியும்

கடலோடி:
1991 ஆகஸ்டில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின்போது சோவியத் அதிபர் கோர்பச்சேவ் ஃபோரோஸ் மாளிகையில் சிறைவைக்கப்படவே இல்லை, விடுமுறையை நீட்டித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார் என்று நண்பர் தந்திக்கம்பி நேற்று வேறோர் இழையில் போகிறபோக்கில் எழுதிவிட்டுச் சென்றிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கிரிமியாவின் தென்கோடியில், பின்னால் செங்குத்து மலையும் முன்னால் கருங்கடலுமாக அமைந்தது அந்த மாளிகை. ஆகஸ்ட் 18 மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, மாஸ்கோவிலிருந்து அழையா விருந்தாளிகள் வந்திருப்பதாகக் காவலர் தலைவர் வந்து சொன்னதும், கோர்பச்சேவ் தம் அறையிலிருந்த தொலைபேசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்; எல்லாமே ஊமையாகியிருந்தன. படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில் அவருக்கென்று இருந்த தனித் தொலைபேசியும் அவற்றில் அடக்கம். இதற்குப் பெயர் விடுமுறையா?

தந்திக்கம்பி:
அறைத் தொலைபேசிகள் ஊமையானதை நான் எங்கே மறுத்தேன்? நான் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு சண்டைக்கு வருவது கடலோடிக்குப் புதிதன்று. பெர்லின் சுவர் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தார், நான் மறக்கவில்லை. என் கேள்வி கார்க் கொட்டகையைப் பற்றியது. அங்கே நின்ற அதிபரின் கார்களில் தொலைபேசி இருந்தது, அது வேலை செய்தது என்று எதிர்த்தரப்பினர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வல்லரசின் அதிபர் கொட்டகை வரை நடந்துபோய் ஓர் அழைப்பு விடுக்கக் கூடாதா?

ஏட்டுச்சுரை:
கொட்டகை பூட்டிக் கிடந்தது, வாசலில் தானியங்கித் துப்பாக்கிகளோடு ஆட்கள் நின்றார்கள் என்பது மாளிகைக்குள் இருந்தவர்களின் கூற்று. அது திறந்த வீடாக இருந்தது என்று சொல்கிறவர்கள் யார்? சதி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். அன்று மாலை சதிகாரர்களின் சார்பில் வந்த பக்லானோவ், ஷெனின், போல்டின், வரென்னிகோவ் ஆகியோரை உள்ளே அழைத்து வந்த பிளெகானோவ் யார் என்பதையும் தந்திக்கம்பி சொல்லட்டும். சோவியத் உளவு அமைப்பான கேஜிபியில், அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவின் தலைவரே அவர்தான். வேலியே பயிரை மேய்ந்த இடத்தில் கொட்டகையை மட்டும் காவலின்றி விட்டிருப்பார்களாம்!

நடுநிசி:
முதலில் "சிறை" என்றால் என்ன என்பதை நீங்கள் இருதரப்பும் சொல்லிவிட்டால் நல்லது. அப்படியே அவர் பெயர் ரஷ்ய உச்சரிப்பில் "கர்பச்சோஃப்" என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

தந்திக்கம்பி:
நடுநிசியின் உச்சரிப்பு வகுப்புக்கு நன்றி. கட்டணம் பிறகு அனுப்பப்படும். ஏட்டுச்சுரைக்கு வருகிறேன். காவலர் தலைவர் மெத்வெதெவ் பிளெகானோவின் ஆணைக்குப் பணிந்து மாஸ்கோவுக்குப் பறந்துவிட்ட பிறகும், 32 மெய்க்காவலர்கள் ஆயுதங்களோடு அதிபரின் பக்கமே நின்றார்கள். அத்தனை பேர் இருந்தும் கொட்டகைக் கதவு ஒன்றைத் திறக்க முடியவில்லை என்பதை நான் நம்ப வேண்டும். வந்தவர்களைக் கைகுலுக்கி அனுப்பியவரும் கோர்பச்சேவ்தான். பொது மன்னிப்பை ஏற்க மறுத்து, வழக்கை எதிர்கொண்ட வரென்னிகோவ் 1994-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டதை ஏட்டுச்சுரை தம் ஏடுகளில் எங்கும் படித்திருக்க மாட்டார்.

ஏட்டுச்சுரை:
படித்திருக்கிறேன். அவர் தம் மேலதிகாரிகளின் ஆணைப்படி நடந்தார் என்பதற்காக விடுவிக்கப்பட்டாரே தவிர, கொட்டகைத் தொலைபேசி ஒலித்தது என்பதற்காக அன்று. சோவியத் குடியரசுகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் புதிய ஒன்றிய ஒப்பந்தம் ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்தாக இருந்தது. அதைத் தடுப்பதற்காகவே புறப்பட்டு வந்தவர்கள், அதிபருக்குப் பேச ஒரு கருவியை மறந்தாற்போல் விட்டுச்செல்வார்களா? 32 பேரும் கதவை உடைத்துச் சுட்டுக்கொண்டிருந்தால், பேத்திகள் இருந்த வீட்டில் இரத்தம் சிந்தவைத்தார் என்று இதே தந்திக்கம்பி இன்று எழுதியிருப்பார்.

கடலோடி:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிபருக்கு உடல்நலமில்லை, பொறுப்பைத் துணை அதிபர் யனாயெவ் ஏற்கிறார் என்று 19-ஆம் தேதி காலை நாட்டுக்கே அறிவித்தார்கள். அதை மறுக்க வழியில்லாமல், அன்றிரவு வீட்டுக் கேமராவின் முன் அமர்ந்து தாம் நலமாக இருப்பதாகவும் நடப்பது சட்டவிரோதம் என்றும் பேசிப் பதிவுசெய்து, அந்த நாடாவை எப்படி வெளியே கடத்துவது என்று குடும்பமே யோசித்துக்கொண்டிருந்தது. வெளியுலகச் செய்திக்குக் கையடக்க வானொலியில் பிபிசியைத்தான் நம்பியிருந்தார்கள். பேசத் தொலைபேசி இருப்பவர் நாடாவை ஏன் ஒளித்துவைக்கிறார்?

தந்திக்கம்பி:
நாடா, வானொலி, பேத்திகள் என்று எல்லாவற்றையும் சொல்கிறீர்கள். கொட்டகைக்கு மட்டும் வர மறுக்கிறீர்கள். மீண்டும் கேட்கிறேன்: கார்த் தொலைபேசி வேலை செய்ததா, இல்லையா?

நடுநிசி:
கடலில் இறங்குவதற்குக்கூட மின்படிக்கட்டு வைத்திருந்த மாளிகை அது. ஊரெல்லாம் கடைகளில் தட்டுகள் காலியாகக் கிடந்த காலம். அங்கே அடைபட்டவருக்காக என்னால் பெரிதாகக் கண்ணீர்விட முடியவில்லை.

கடலோடி:
மின்படிக்கட்டு இருந்தால் ஆட்சிக்கவிழ்ப்பு நியாயமாகிவிடுமா? சதி தோற்றுப்போய், 21-ஆம் தேதி கேஜிபி தலைவர் க்ரியுச்கோவும் பாதுகாப்பு அமைச்சர் யாசோவும் ஃபோரோஸுக்கே ஓடி வந்தபோது, தொலைபேசி இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்வரை பேச முடியாது என்று கோர்பச்சேவ் சொல்லியனுப்பினார். இணைப்பு வந்தது. இல்லாத ஒன்றைத்தானே ஐயா திரும்பக் கேட்பார்கள்?

தந்திக்கம்பி:
அவர் கேட்டது அறைத் தொலைபேசியை! நான் கேட்பது கொட்டகைத் தொலைபேசியை! இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவரோடு மூன்று நாளாக மன்றாடுகிறேன். சிறைப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நாட்களில் அவர் குடும்பத்தோடு கடற்கரை வரை உலவப் போனாரே, அது எந்தச் சிறையின் வழக்கம்? கடற்கரைக்கு நடந்த கால்கள் கொட்டகைக்கு நடக்கவில்லை.

கடலோடி:
தமக்கு நோய் ஒன்றுமில்லை என்பதைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்றே வெளியே வந்து நடந்தார். கடலில் ரோந்துக் கப்பல்கள் நின்று அவரைக் கண்காணித்துக்கொண்டிருந்தன. அந்தப் பதற்றத்தில்தான் மனைவி ரைசாவின் உடல்நலம் முறிந்து, பேச்சும் கையும் பாதிக்கப்பட்டன. அதையும் நாடகம் என்பீர்களா?

தந்திக்கம்பி:
அந்த அம்மையாரைப் பற்றி நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொன்னதாக எழுதுவது கடலோடியின் பழைய வழக்கம், பெர்லின் சுவர் இழையைப் படித்தவர்கள் அறிவார்கள். கொட்டகைக்கு எப்போது வருகிறீர்கள்?