நம் தொழிலைப் பற்றிய கூட்டத்தில் நாமும் உட்கார்ந்தபோது: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கடலூர், பழ வண்டி:

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் பக்கம் வண்டி போடுகிறேன். எனக்கு முன்னால் அப்பா போட்டார். சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-லேயே வந்துவிட்டாலும் எங்கள் வரிசையில் ரொம்ப நாள் யாருக்கும் அது தெரியாது. தெருவை ஒழுங்குபடுத்தப் போகிறோம், வண்டிகளை உள்தெருவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் வாய்மொழியாகச் சொன்ன பிறகுதான் தேடிப் படித்தோம். சட்டப்படி, வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். தெரு வியாபாரம் பற்றிப் பேசும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களாக இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து பூ விற்கும் அக்கா ஒருவர் குழுவுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். உள்தெருவின் வரைபடத்தை விரித்தார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா கேட்டது ஒரே கேள்வி: "சார், சாயங்காலம் ரயில் விட்டு எறங்குறவங்க, பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போறவங்க யாராவது அந்தத் தெரு வழியா நடக்குறாங்களா?" அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதிகாரி கோபப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். வந்து பார்க்கிறேன் என்றார், சொன்னபடி சாயங்காலம் வந்தார். வழியை அடைத்தது பெரும்பாலும் தாறுமாறாக நிறுத்திய பைக்குகள் என்பது அப்போது அவருக்கே தெரிந்தது. பூ, பழ வண்டிகள் ஒரு ஓரமாக நிற்கலாம் என்று முடிவானது.

டிபன் வண்டிகளுக்கு அது கிடைக்கவில்லை. சிலிண்டர் ஆபத்து என்று உள்தெருவுக்கு அனுப்பினார்கள். ஆபத்து நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சார்பில் பேச அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை. தண்ணீர்க் குழாய், விளக்கு எதுவும் கேட்டு வாங்காமலே போனார்கள். அதில் ஒரு அண்ணன் இப்போது கூலி வேலைக்குப் போகிறார். எனக்கு இன்னமும் ஆறவில்லை.

புதுச்சேரி, ஞாயிறு சந்தை:

காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை துணி விரிக்கிறேன். என் சித்திக்குப் பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மார்க்கெட்டை இடித்துக் கட்டும் பேச்சு வந்தபோது வியாபாரிகள் எதிர்த்தது எல்லோருக்கும் தெரியும். சித்தியின் கவலை வேறு. கடை லைசென்ஸ் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. அவருக்கு வாடகை கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். பட்டியலில் ஏறுவது லைசென்ஸ்காரர் பெயர். புதுக் கடை வந்தால் யாருக்கு? அந்தக் கேள்வியைச் சங்கத்திலும் யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் சங்கத்தில் இருப்பவர்களில் பலர் லைசென்ஸ்காரர்கள். வியாபாரிகள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே எல்லோருக்கும் ஒரே குரல் கிடையாது.

இன்னொன்று. சாலையோரச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படியுங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடக்கிற இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் தெரு வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்று இருக்கிறது. கூட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள்.

கடலூர், முதுநகர்:

நான் கருவாடு விற்கிறேன். கணக்கெடுப்பில் என் பெயர் விட்டுப்போச்சு. இனிமேல் சேர்க்க முடியுமா?

கடலூர், பழ வண்டி:

முடியும் அக்கா. குறைந்தது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தெரு வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த ஸ்வநிதி கடனில், கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தர வழி வைத்திருக்கிறார்கள். தரைக்கடை வாடகை ரசீது பழசாக இருந்தாலும் எடுத்து வையுங்கள், சங்க அட்டை இருந்தால் அதையும். கடிதம் கேட்கும் மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் கருவாடு விற்கும் மற்றவர்களையும் கூட்டிப் போங்கள்.